விட்மோர் துரைக்குத் தமிழ் தெரியும்

“கிழவருக்குத் தமிழ் தெரியுமாம், குணேஸ்,” என்றாள் சமையல்கார இந்திராதேவி, சூப்பைக் கிண்டியபடி.

கிழவரைப் பராமரிக்கும் குணேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஆர் சொன்னது?”

“இப்பதான் அவற்ர மகள் போனில சொன்னவ. துரை பிரபு வம்சமாம். வெள்ளைக்காரன் காலத்தில யாழ்ப்பாணக் கச்சேரியில அரசாங்க அதிகாரியாய் இருந்தவராம். மன்னார், முல்லைத்தீவு எண்டு குதிரையில போய் வழக்குக் கேட்டவராம். தமிழ்ச் சோதினை பாஸ் பண்ணாட்டி துரைமாருக்குப் பதவி உயர்வு இல்லையாமே.”

வெள்ளைக்காரர் முன்னால் தமிழில் எதையும் பேசலாம் என்பது மொன்றியலில் நம்மவர்களுக்கு உள்ள அசட்டுத் துணிச்சல். மெட்ரோவில் பேசுவோம், டாக்டரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றியும் பேசுவோம். அந்தத் துணிச்சலில்தான் நேற்று துரையின் படுக்கை விரிப்பை மாற்றும்போது, அவள் இந்திராதேவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குணேஸ்வரி என்பது அவள் அக்காவின் பெயர். கனடா விசா கிடைத்த கையோடு அக்கா காய்ச்சலில் செத்துப்போக, அந்தப் பாஸ்போர்ட்டில் தங்கை வந்து இறங்கினாள்.

துரையின் மகளோ குடிவரவு அலுவலகத்தில் பெரிய அதிகாரி.

“மகள் எப்ப வாறா?”

“மத்தியானம். தகப்பன் ஏதோ முக்கியமாய்க் கதைக்கோணும் எண்டு வரச் சொன்னவராம்.”

குணேஸ்வரி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கார்டறியில், பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவந்த மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. தன்னைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை என்னாகும்?

அறையிலிருந்து மணி அடித்தது. போகாமல் இருக்க முடியுமா? போனாள்.

“கதவைச் சாத்திப்போட்டு வா, பிள்ளை,” என்றார் துரை. சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“செத்துப்போன கொக்காவின்ர பேரில வந்தனி, என்ன?”

அவள் கட்டிலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஐயா, மகளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு. உங்கட காலில விழுறன்.”

“ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் இருக்கிறியோ?”

“ஓம் ஐயா. ஆரும் கதவைத் தட்டினாலே நெஞ்சு இடிக்கும்.”

“பேரைச் சொல்லி ஆரும் கூப்பிட்டால்?”

“திரும்பிப் பார்க்கவும் பயம்.”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் அழத் தொடங்கினாள். துரை அவள் கையை இறுகப் பிடித்தார்.

“விட்மோர் துரை நாப்பத்தெட்டில, முல்லைத்தீவுக் காட்டில மலேரியாவில செத்துப்போனார், பிள்ளை. அவரைப் புதைச்சுப்போட்டு, அவற்ர பேரில கப்பலேறி வந்தவன், அவரிட்டக் கிளாக்கராய் இருந்த, யாழ்ப்பாணத்திலயே பிறந்து வளர்ந்த வெள்ளைத்தோல் பறங்கி நான். அதை மகளிட்டச் சொல்லத்தான் இண்டைக்கு வரச் சொன்னனான். எனக்குப் பயமாய்க் கிடக்கு, நீ பக்கத்தில நில்.”