காலியாகக் கிடந்த தண்டவாளம்

கீழக்காட்டுக்கும் மேலக்காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தண்டவாளம். ஸ்டேஷனுக்கு ஒரு சிவப்புப் பெட்டி. ஒரு பெட்டி மணியடித்துக் கேட்கும். மற்றது "வரலாம்" என்றால்தான் கேட்ட பெட்டியிலிருந்து இரும்புப் பந்து வெளியே விழும். பந்து கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். அதனால் வண்டிகள் ஒருநாளும் எதிரெதிரே வந்ததில்லை.

நேற்று கீழக்காட்டுப் பெட்டி கேட்டபோது மேலக்காட்டுப் பெட்டி காக்கவைத்துவிட்டது. அந்த ஆத்திரம் கீழக்காட்டுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று மேலக்காடு மணியடித்தது. "பாசஞ்சர் நிக்குது அண்ணே. அனுப்பட்டுமா?"

தண்டவாளம் காலி என்று கீழக்காட்டுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"அண்ணே, காதுல விழலையா?"

"பார்த்துத்தான் சொல்லணும். உயிர் விஷயம்டா."

மனசு ஆறும்வரை நிற்கவைத்துவிட்டுத்தான் "வரட்டும்" என்றது.

வண்டி வந்தது. பந்து கீழக்காட்டுப் பெட்டிக்குள் உருண்டது.

"என்ன சேதி?" என்று பெட்டி பந்தைக் கேட்டது.

"தாயம்மான்னு ஒரு பொண்ணு அண்ணே, அப்பாவைப் பார்க்க வந்தா. இப்பத்தான் உயிர் போச்சாம். வண்டி ஏன் அவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு டிரைவரைக் கேட்டா. 'இங்க இருக்கிற பெட்டி நிறுத்திவச்சது, எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா'ன்னார். அழுதுக்கிட்டே நீங்க இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போனா."