எட்டாம் நம்பர் சரக்கு

தோற்றுத் தோற்றுத் தேய்ந்துபோன கால்பந்து அணியை வாங்கிய ஜவுளிக்கடை முதலாளி, பழைய ஆட்களைக் கழித்துவிட்டு இளசுகளைத் தேர்வுக்கு இறக்கியிருந்தார்.

"அந்த எட்டாம் நம்பரை எடுத்துடலாமா?"

"வேண்டாங்கய்யா. அவன் காத்துப் போன பந்து," என்றார் கோச்.

"மூணு கோல் போட்டானேய்யா!"

"எதிர்ல நின்னதெல்லாம் மண்ணாந்தைங்க."

முதலாளி சிரித்தார். "சாயம் போகும்னு குறை சொல்றவன்தான் கடைசியில மூணு மீட்டர் கிழிக்கச் சொல்லுவான். எந்த டீமுக்குப் பேசி வச்சிருக்கே?"

"சத்தியமா இல்லீங்க. அவனுக்கு இதயத்துல கோளாறு. ஓடினா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியும் மறைச்சுட்டு வந்திருக்கான். நம்ம டாக்டரை விட்டுப் பாருங்க."

"பார்த்து முடிக்கிறதுக்குள்ள வேற டீம் கொத்திட்டுப் போகவா?" முதலாளி ஒப்பந்தத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

கோச் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா... அவன் நான் பெத்த பிள்ளை."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "பெத்த பிள்ளையையே மட்டம் தட்டுறியா? அப்போ வெளியில எவனோ பெரிய விலை சொல்லியிருக்கான்!"

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னல் வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பையன் சந்தோஷம் தாங்காமல் மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தான்.

"டேய், ஓடாதேடா!" கோச் அலறினார்.

"பாரு," என்றார் முதலாளி, "கையெழுத்து ஆன பிறகும் நீ பேரத்தை விடமாட்டேங்கிறியே!"