மிச்சத்தைப் படிக்காத மெஷின்

ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு ஆள் பொறுக்கும் ஸ்கிரிப்டை ஒரே வரியில் எழுதி முடித்த பெருமையில், புரோகிராமருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எழுதினதுல பிழை இருக்கான்னு சின்டாக்ஸ் செக்கும் பண்ணிட்டேன் மேடம். ஒண்ணுகூட இல்லை."

"எப்படி ஆள் எடுக்குது?" என்றார் மேனேஜர்.

"மாசத்துல அஞ்சு நாளுக்கு மேல லேட்டா வந்திருக்கணும், இல்லேன்னா நிறைய லீவு போட்டிருக்கணும். முதல் நிபந்தனையே பொருந்திட்டா, மெஷின் அந்த வரியில மிச்சத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வேலை சட்டுனு முடிஞ்சிடும்."

"கெட்டிக்காரர்தான்" என்றபடி மேனேஜர் ஸ்கிரிப்டை ஓடவிட்டார்.

பட்டியல் வந்தது. முதல் பெயரே புரோகிராமருடையது.

அவர் பட்டியலை எட்டிப் பார்த்தார். "எங்கேயோ தப்பு நடந்திருக்கு மேடம். என் பேரு வரவே வராது."

"ஏன் வராது? இந்த மாசம் ஏழு நாள் லேட்டு. அதைப் பார்த்ததும் எழுதிடுச்சு."

"இல்ல மேடம், அந்த வரியோட கடைசியில..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேனேஜர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"'புரோகிராமரைத் தவிர'ன்னு போட்டிருக்கீங்களே, அதுதானே? மெஷின்தான் பாதியில நிறுத்திடுச்சு. நான் கடைசி வரைக்கும் படிச்சேன்."