விலகிக்கொண்டவன்

புது மருந்தைச் சோதிக்கப் பத்து எலிகளைப் பத்துக் கூண்டுகளில் அடைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் ஏழாம் கூண்டு காலியாக இருந்தது. எட்டாம் கூண்டு எலி, பதிவேட்டின் மேல் படுத்திருந்த பேனாவிடம் கேட்டது.

"பக்கத்துக் கூண்டுக்காரன் எங்கே அண்ணே?"

"ஆய்விலிருந்து விலகிக்கொண்டான்."

"என் கண் முன்னாலேதானே வலிப்பு வந்து செத்தான்?"

"அதைத்தான் தம்பி விலகல் என்று எழுதுவோம். விலகியவனை முடிவில் சேர்ப்பதில்லை. மிச்சமுள்ள ஒன்பது பேரும் நலம். ஆகவே மருந்தால் ஆபத்தே இல்லை."

எலி தன் கூண்டின் தாழ்ப்பாளைப் பார்த்தது. அடுத்த ஊசி காலையில்.

"அப்படியானால் நானும் விலகிக்கொள்கிறேன். கதவைத் திறக்கச் சொல்லுங்கள்."

பேனா பக்கங்களைப் பார்வையிட்டது. "உயிரோடு விலகுகிறவனுக்கு இதில் கட்டம் போடவில்லையே, தம்பி."

"போடாமல் விட்டது யார்?"

"நான் எழுதுகிறவன். கேட்கிறவன் இல்லை."

காலையில் ஊசியோடு வந்த ஆய்வாளரின் விரலை எலி எலும்பு தெரியக் கடித்தது. அவர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் பேனாவை எடுத்தார்.

பேனா எழுதியது: "எட்டாம் எலி. மருந்தால் நல்ல சுறுசுறுப்பு. அளவை இரட்டிப்பாக்கலாம்."