மாலை போட்ட பயணி

நெற்றியில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, முதுகையும் வயிற்றையும் சுற்றிக் கட்டிய மஞ்சள் துணி. இந்தக் கோலத்தில் சாமியம்மாளின் ஆடு வெள்ளிமலையில் பஸ் படிக்கட்டின் மேல் முன்னங்காலை வைத்தது.

கண்டக்டர் கொளஞ்சியப்பன் கையை நீட்டி மறித்தார். போன வாரம்தான் ஒரு சேவலையும் அதன் சொந்தக்காரரையும் பாதி மலையில் இறக்கிவிட்ட மனுஷன் அவர்.

"ஆட்ட எறக்கு. இது பஸ்ஸா, சந்த வண்டியா?"

"இந்த ஒரு தடவ வுட்டுடுங்கண்ணா. மதியத்துக்குள்ள கள்ளக்குறிச்சி போயாவணும். அப்பறம் கதவ சாத்திடுவாங்க." சாமியம்மாளின் குரல் உடைந்தது. இதை விட்டால் அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

முன் சீட்டிலிருந்த தைலம்மாள் எழுந்தே விட்டாள். மகளைப் பார்த்துவிட்டு மலையிறங்கும் தியாகதுருகத்துக்காரி. சாமி விஷயம் என்றால் வேறு யாரையும் பேச விடமாட்டாள்.

"இன்னா கண்டக்டரே, கண்ணு தெரியலியா? மாலையும் மஞ்சத்துணியுமா நிக்குது. சாமி ஆட்ட மறிச்சிட்டு வூடு போய்ச் சேந்துடுவீங்களா?"

"எந்தச் சாமியும் எனக்கு வேல போட்டுக் குடுக்கலம்மா. செக்கிங் வந்தா யாரு பதில் சொல்றது?"

"சாமியே சொல்லும்!"

தைலம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஆட்டின் தலையில் கவிழ்த்தாள். நேர்ந்துவிட்ட ஆட்டின் மேல் தண்ணீர் ஊற்றி, அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

ஆடு தலையிலிருந்து வால் வரை ஒரு சிலுப்பு சிலுப்பியது. கண்டக்டரின் காக்கிச் சட்டை நனைந்துபோனது.

"உத்தரவு குடுத்துடுச்சு!" என்று தைலம்மாள் கத்த, பஸ் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டது. அதற்கு மேல் ஒரு கண்டக்டர் என்னதான் செய்ய முடியும்? முகத்தைத் துடைத்துக்கொண்டு விசில் ஊதினார்.

அதன் பிறகு ஆட்டுக்கு நடந்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. கால் வழுக்காமலிருக்க ஒருவர் தன் சாக்கை உதறிக் கீழே விரித்தார். காற்று படட்டும் என்று இன்னொருவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். டிரைவர்கூட வளைவுகளில் அவசரப்படாமல் வண்டியைத் திருப்பினார்.

தைலம்மாள் ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நேத்துலருந்து ஒண்ணும் துண்ணலக்கா," என்றாள் சாமியம்மாள்.

"பாத்தீங்களா! ஆடே வெரதம் இருக்குது. கழுத்துல கீற மாலையக்கூட கடிக்கல." தைலம்மாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "எந்தச் சாமிக்கும்மா வுடுற?"

"எல்லாச் சாமியையும் வேண்டிக்கினுதான் கெளம்பினேன்."

ஆடு கால் மடங்கிச் சாக்கின் மேல் படுத்தது. சாமியம்மாள் அதன் தாடையைத் தடவிக்கொடுத்தாள். "இன்னும் கொஞ்ச தூரந்தாண்டி. பொறுத்துக்க." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தாயில்லாத குட்டியா எடுத்தாந்து, பாட்டில்ல பால் குடுத்து வளத்தேங்க்கா. என் கட்டிலுக்குக் கீழதான் படுக்கும். இது இல்லாம எப்படி வூட்டுக்குத் திரும்பிப் போவேன்?"

"சீ, அழுவாத. சாமிக்குக் குடுக்கறத அழுதுக்கினு குடுக்கக் கூடாது," என்ற தைலம்மாள் தானும் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

கடைசி வளைவில் பஸ் சாய, ஆடும் ஒரு பக்கமாகச் சரிந்தது. கொளஞ்சியப்பன் பாய்ந்து வந்து அதன் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கிப் பிடித்தார். பிடித்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. சாமியம்மாள் பயந்துபோய் அவரையே பார்த்தாள். அவர் எழுந்து போய் டிரைவரின் காதில் என்னவோ சொன்னார்.

கச்சிராயபாளையத்தில் வழக்கமாக டீ குடிக்க நிற்கும் வண்டி அன்றைக்கு ஆளை இறக்கிய கையோடு கிளம்பிவிட்டது. டீக்கு ஏங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரு நாளு டீ இல்லனா உசுரு போய்டாது. சாமி காரியம் பெருசா, டீ பெருசா?" என்று தைலம்மாள் ஒரு அதட்டல் போட்டதும் கப்சிப்.

சமவெளியில் பஸ் பறந்தது. ஒரு பாட்டில் தண்ணீரில் கண்டக்டருக்கே பக்தி வரவழைத்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை.

கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்ததும், பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன்பே, நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில் கொளஞ்சியப்பன் விசில் அடித்தார். வண்டி நின்றது. ஆட்டை அலுங்காமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்க் கீழே விட்டார். எதிரே கேட் இன்னும் திறந்துதான் இருந்தது. மேலே, "கால்நடை மருத்துவமனை" என்று போர்டு.

சாமியம்மாள் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கை தானாகக் கும்பிட்டது.

தைலம்மாள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டாள். "யோவ் கண்டக்டரே, இங்க ஏதுய்யா கோயிலு? சாமி ஆட்ட இங்க எறக்கி வுடுற!"

கொளஞ்சியப்பன் படியில் ஏறிக்கொண்டே சொன்னார்:

"செனையாட்ட எந்தச் சாமிம்மா கேக்கும்?"