சார்வாள் தோற்ற பந்தயம்

எந்த இரண்டு பொருளைச் சொன்னாலும் பள்ளிக்கூட வாத்தியார் சுதர்சனம் அவற்றுக்கு முடிச்சுப் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் ஒரு பொட்டலம் மக்ரூன் இனாம் என்று வாய் தவறிச் சொன்ன நாள் முதல், தூத்துக்குடி பேக்கரிக்காரர் காசிலிங்கத்துக்கு நஷ்டம்தான்.

நேற்று “முத்து, கருப்பட்டி” என்று மடக்கிப் பார்த்தார்.

“முத்து சிப்பிக்குள்ள இருக்கு. சிப்பியைச் சுட்டாச் சுண்ணாம்பு. கலயத்துல சுண்ணாம்பு தடவினாத்தான் பதநீர் புளிக்காது. பதநீரைக் காய்ச்சினா கருப்பட்டி. எடும் மக்ரூனை!”

இன்று வாத்தியார் தம் மனைவி ஹேமாம்புஜத்தோடு வந்திருந்தார். காசிலிங்கத்துக்குக் குறும்பு பொங்கியது.

“சார்வாள், கோழி முட்டைக்கும் உங்களுக்கும் முடிச்சுப் போடுங்க பாப்போம்!”

“பெருமாளே!” என்று காதைப் பொத்திக்கொண்டார் மாமி.

“வைஷ்ணவனுக்கும் முட்டைக்கும் என்னங்காணும் சம்பந்தம்? நான் தோத்துட்டேன்” என்ற வாத்தியார், காசு கொடுத்தே மக்ரூன் வாங்கினார்.

மாமி ஜட்கா வண்டியில் ஏறப் போனதும் குனிந்து கிசுகிசுத்தார்.

“முடிச்சு தெரியாமலா? முட்டை வெள்ளைக்கருவை அடிச்சுத்தானே மக்ரூன் பண்றீர்! அதைத் திங்கறது நான். மாமி காதுல விழுந்துதோ, அப்புறம் என் வாய்க்கு மக்ரூன் கிடையாது.”

காசிலிங்கம் சிரிப்பை மென்று விழுங்கினார். காலையில் மாமி தனியாக வந்து, இரண்டு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டுப் போனதும் இதுதான்.

“இந்த வெள்ளைக்கரு விஷயம் எங்காத்துக்காரர் காதுல விழுந்துடப்படாது. உலகத்துல அவருக்குத் தெரியாதது இது ஒண்ணுதான்.”