மூன்றாவது முற்றம்

மயிலத்தைத் தாண்டி இருந்த அந்தச் சிலம்பப் பள்ளிக்கு மூன்று முற்றங்கள். ஆசானோடு மோதுகிறவர் மட்டுமே மூன்றாவதில் கால் வைக்கலாம். வென்றால் ஆசான் பதவி அவருக்கு.

அம்சவள்ளிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே ஆசானாகக் காத்திருப்பவள் அவளுடைய அக்கா ரோஜா.

"கூடப் பொறந்தவ பதவிக்கே ஆசைப்படுறியே!" என்றான், உடன் பயிலும் தென்னரசு.

அம்சவள்ளி கம்பை எடுத்துக்கொண்டு மூன்றாவது முற்றத்துக்குள் போனாள்.

ரோஜா வெறியோடு கம்பு சுழற்றினாள். ஆனாலும் கடைசியில் அவள் கம்புதான் பறந்து விழுந்தது.

"ஏண்டி ஜெயிச்ச?" என்று கதறினாள் ரோஜா. "ஆசானா இருக்கறவ இந்த வாசலத் தாண்டவே கூடாதுடி! நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதானே தோக்காம நின்னேன்!"

"தெரிஞ்சுதாங்க்கா ஜெயிச்சேன். திண்டிவனத்துல உன் பொண்ணு உன்னயே கேட்டுக்கினு இருக்கா. ஜல்தி கெளம்பு."